விதை முதல் பனியன் வரை: பருத்தித் தொழிலில் மக்கள் நலனைக் கணக்கிடுவது எப்படி?



பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போட்டுப் பணம் பெற்றவுடன் நம் பொறுப்பு முடிந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணி வந்தோம். இப்போது நிலைமை மாறி வருகிறது. பின்னலாடைகளை வாங்கும் வெளிநாட்டு வணிகர்கள், "இந்தத் துணிக்கான பஞ்சு எங்கு விளைந்தது? அதை எடுத்தவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது? சிறுவர்கள் வேலை செய்தார்களா?" என்று கேட்கின்றனர். ஜெர்மனி நாட்டில் இதற்கான சட்டம் 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. அது நடைமுறைக்கு வரும் காலம் 2025ஆம் ஆண்டு தள்ளி வைக்கப்பட்டது. ஆயினும் கேள்விகள் நிற்கவில்லை. ஆலையிலிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து உழவர் குழுவுக்கும் அவை வந்து சேருகின்றன.

இக்கேள்விகளுக்கு எப்படியாவது ஒரு பதில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் தவறான பதிலால் இரண்டு வகைத் தீங்கு உண்டு. உண்மையில் துன்பப்படுபவர் கணக்கில் வராமலே போய்விடுவார். அல்லது, குற்றமில்லாத ஓர் ஊரின் பருத்தியை வாங்குவோர் ஒதுக்கிவிடுவர். எனவே இம்மதிப்பீட்டை நாமே புரிந்துகொள்வது இன்றியமையாதது.

மதிப்பீடு என்பது என்ன?

ஒரு பொருள் தோன்றுவது முதல் தேய்ந்து குப்பையில் சேரும் வரை உள்ள காலத்தை அதன் வாழ்நாள் எனலாம். அந்த வாழ்நாளின் ஒவ்வொரு கட்டத்திலும் அப்பொருள் மக்களுக்கு என்ன நன்மை, என்ன தீமை செய்கிறது என்று ஆராய்வதே சமூக வாழ்நாள் மதிப்பீடு ஆகும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு இதற்கான வழிகாட்டு நூலை 2009ஆம் ஆண்டு வெளியிட்டு, 2020ஆம் ஆண்டு திருத்தி அமைத்தது. 2024ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 14075 என்ற உலகத் தரநிலையும் வெளிவந்தது.

இவ்வழிகாட்டு நூல் மக்களை ஆறு பிரிவாகப் பார்க்கச் சொல்கிறது:

1. தொழிலாளர்
2. அந்தந்த ஊர் மக்கள்
3. தொழில் தொடரில் வாங்குவோரும் விற்போரும்
4. நுகர்வோர்
5. சமுதாயம்
6. குழந்தைகள்

இதில் உழவர் எங்கே இருக்கிறார்? கூலி கொடுப்பவர் என்ற முறையில் அவர் பதில் சொல்ல வேண்டியவர். தாமே மருந்து தெளிப்பவர் என்ற முறையில் தொழிலாளர். வியாபாரி சொல்லும் விலைக்கு விற்பவர் என்ற முறையில் தொழில் தொடரில் ஓர் உறுப்பினர். ஆகவே இம்மதிப்பீடு உழவரைக் குற்றம் சாட்டுவதற்கு மட்டும் வந்தது என்று கருத வேண்டாம். முறையாகச் செய்தால் உழவரின் குறையும் அதில் பதிவாகும்.

பருத்தி கடந்து செல்லும் பாதை

முதலில் பாதையை ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். விதை உற்பத்தி வயல், சாகுபடி வயல், பருத்தி எடுப்பு, வியாபாரி, ஜின்னிங் ஆலை, நூற்பாலை, பின்னல் கூடம், சாயப்பட்டறை, பனியன் கம்பெனி, கடை, உடுத்துபவர், பழந்துணி வியாபாரி என்று அது நீளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கே உரிய துன்பம் உண்டு.

விதை வயல்: வீரிய ஒட்டுப் பருத்தியை வணிக முறையில் உலகிற்கு முதலில் தந்தது நம் நாடே. குசராத்து மாநிலம் சூரத்தில் உருவான எச்-4 என்ற ஒட்டு 1970ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இத்தகைய விதையைப் பெற, மாலையில் பெண் செடியின் மொட்டுகளில் உள்ள மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் காலையில் ஆண் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பூக்கும் பருவம் முழுவதும் நாள் தவறாமல் இது நடக்க வேண்டும். நுண்ணிய வேலை, நிறைய ஆள் தேவை, கூலி குறைவாக இருக்க வேண்டும் என்ற காரணங்களால் ஆந்திரம், குசராத்து, தமிழ்நாடு முதலிய மாநிலங்களில் சிறுமிகள் இவ்வேலையில் அமர்த்தப்பட்டது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

சாகுபடி வயல்: 2017ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களுள் ஏறக்குறைய இருபது பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் கூலிக்குத் தெளித்தவர் பலர்.

ஆலைகள்: பருத்தித் தூசியை நெடுநாள் மூச்சில் இழுப்பவருக்கு பைசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருகிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் தோன்றுவது இதன் அறிகுறி. நூற்பாலைகள் சிலவற்றில், மணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்க வைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலைக்கு அமர்த்திய "சுமங்கலித் திட்டம்" கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

சாயப்பட்டறை: நொய்யல் ஆற்றின் கதை யாவரும் அறிந்ததே. பாசனத்துக்கென 1992ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. நிலமும் கிணறும் உப்பேறின. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

தையல் கூடம்: 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த தையல் கூடங்களுள் சில, முன்பே சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. கட்டடம் உறுதியானதா என்ற கேள்வி அத்தணிக்கைகளின் எல்லைக்குள் இல்லை. எதைக் கேட்கிறோமோ அதுதான் தெரியும். கேட்காதது தெரியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இனி, மதிப்பீடு செய்யும்போது எதிர்ப்படும் இடர்ப்பாடுகளையும் அவற்றுக்கான வழிகளையும் பார்ப்போம்.

இடர்ப்பாடு 1: நேரத்தைக் கொண்டு அளப்பது

ஒரு பொருளுக்குள் எத்தனை மணி நேர உழைப்பு அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதைக் கொண்டு எந்தக் கட்டம் முக்கியமானது என்று முடிவு செய்வது வழக்கத்தில் உள்ள ஒரு முறை. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். இதில் வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களை இட்டு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பனியனுக்குக் கழிவு உட்பட 220 கிராம் பஞ்சு தேவை என்று கொள்வோம். விதைப்பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பஞ்சு. ஆகவே ஒரு பனியனுக்குச் சுமார் 650 கிராம் விதைப்பருத்தி வேண்டும். ஒருவர் 8 மணி நேரத்தில் 40 கிலோ எடுத்தால், மணிக்கு 5 கிலோ. அதாவது ஒரு பனியனுக்கான பருத்தி எடுக்க ஏறத்தாழ 8 நிமிடம் ஆகிறது.

இனி விதை வயலுக்கு வருவோம். ஓர் ஏக்கர் விதை வயலில் 10 பேர் 60 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்து 200 கிலோ விதை கிடைக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 4,800 மணி. ஒரு கிலோ விதைக்கு 24 மணி. அந்த ஒரு கிலோ விதை ஓர் ஏக்கரில் 8 குவிண்டால் விதைப்பருத்தி தந்தால், அது சுமார் 1,230 பனியன்களுக்குப் போதும். ஆகவே ஒரு பனியனுக்கு விதை வயலின் பங்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல்!

நேரத்தை மட்டும் பார்த்தால், "விதை வயல் மிகச் சிறிய பங்கு, விட்டுவிடலாம்" என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நிமிடம் பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு சிறுமியின் நிமிடமாக இருந்தால்? அவளுக்கு அது ஒரு நிமிடமன்று. ஒரு பள்ளிப் பருவம்.

வழி: நேரக் கணக்கை, எங்கு தேடுவது என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். எதை விடலாம் என்று முடிவு செய்யப் பயன்படுத்தாதீர்கள். குழந்தை உழைப்பு, கொத்தடிமை, உயிருக்கு ஆபத்து ஆகிய மூன்றும் எவ்வளவு சிறிய பங்கில் இருந்தாலும் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது.

இடர்ப்பாடு 2: பங்கு பிரிப்பது

விதைப்பருத்தியிலிருந்து பஞ்சும் வருகிறது. எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் உரிய பருத்திக்கொட்டையும் வருகிறது. அப்படியானால் எடுப்புக் கூலியாளின் 8 நிமிடத்தில் பனியனுக்கு எவ்வளவு, கொட்டைக்கு எவ்வளவு? எடைப்படி பிரித்தால் பஞ்சுக்கு மூன்று நிமிடம் கூட வராது. விலைப்படி பிரித்தால், பஞ்சின் விலை அதிகமாதலால், பெரும்பகுதி பஞ்சுக்கே சேரும். வேலை ஒன்றுதான், விடை இரண்டாகிறது.

வழி: எந்த முறையில் பிரித்தீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வெயிலில் நீர் கிடைத்ததா, எடை சரியாகப் போடப்பட்டதா போன்றவற்றைப் பிரிக்கவே முடியாது. அவற்றை முழுமையாகவே எழுத வேண்டும்.

இடர்ப்பாடு 3: பருத்தி கலந்துவிடுவது

வியாபாரியின் கிடங்கிலும் ஜின்னிங் ஆலையிலும் பல ஊர்ப் பருத்தி ஒரே குவியலில் சேர்கிறது. 170 கிலோ எடையுள்ள ஒரு பேல் கட்டச் சுமார் 5 குவிண்டால் விதைப்பருத்தி வேண்டும். சிறு உழவர் பலரது பருத்தி அதில் கலந்திருக்கும். நூற்பாலையில் பல பேல்கள் மீண்டும் கலக்கின்றன. குறிப்பிட்ட பனியன் எந்த வயலிலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சொல்வது அநேகமாக இயலாது.

இந்த இடைவெளியை நிரப்ப, நாடு வாரியாகவும் தொழில் வாரியாகவும் தொகுத்த தரவுத் தொகுப்புகள் உண்டு. எங்கு ஆபத்து மிகுதி என்று அறிய அவை உதவும். ஆனால் நாட்டுச் சராசரி உங்கள் ஊரின் நிலை ஆகாது. நன்றாக நடக்கும் ஊரும் தவறாக நடக்கும் ஊரும் சராசரியில் ஒன்றாகிவிடும்.

வழி: உழவர் குழுவாகச் சேர்ந்து பருத்தியைத் தனியே சேமித்து, சாக்குகளில் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி, தனியே அரைக்கும்படி ஆலையுடன் ஏற்பாடு செய்யலாம். அது முடியாதபோது, "இக்குவியலில் இன்னின்ன ஊர்ப் பருத்தி கலந்துள்ளது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே நேர்மை.

இடர்ப்பாடு 4: எழுத்தில் இல்லாத கூலி

பருத்தி எடுப்பு பெரும்பாலும் கிலோக் கணக்கில் நடக்கிறது. கிலோவுக்கு 10 ரூபாய் என்று கொள்வோம். நன்கு வெடித்த முதல் எடுப்பில் 40 கிலோ எடுப்பவர் 400 ரூபாய் பெறுவார். கடைசி எடுப்பில் அதே ஆள், அதே வெயிலில், 15 கிலோதான் எடுக்க முடியும். பெறுவது 150 ரூபாய். மதிப்பீடு செய்பவர் எந்த வாரம் ஊருக்கு வருகிறாரோ அந்த வாரத்தின் கூலியே "ஊர்க் கூலி" ஆகிவிடும்!

மேலும், மேஸ்திரி வழியாக வரும் ஆட்களுக்கு அவர் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு பிடித்தார், முன்பணம் எவ்வளவு கழிந்தது என்பது நில உரிமையாளருக்கே தெரிவதில்லை. வீட்டுப் பெண்கள் சொந்த வயலில் செய்யும் வேலையோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வழி: ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, எத்தனையாவது எடுப்பு, ஆள் (ஆண், பெண்), எடுத்த கிலோ, வேலை செய்த மணி, கையில் கொடுத்த தொகை, கழித்த முன்பணம் ஆகிய ஏழு பத்திகள் இடுங்கள். பருவம் முழுவதும் எழுதி, மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்று கணக்கிட்டு, அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியுடன் ஒப்பிடுங்கள். வீட்டாரின் வேலை மணியையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். சாகுபடிச் செலவின் உண்மை அப்போதுதான் வெளிப்படும். விலை கேட்கும்போது அதுவே உங்களுக்குச் சான்றாகும்.

இடர்ப்பாடு 5: பயந்து சொல்லும் பதில்

நில உரிமையாளரோ மேஸ்திரியோ அருகில் நிற்கும்போது, "கூலி சரியாகக் கிடைக்கிறதா?" என்று கேட்டால் "கிடைக்கிறது ஐயா" என்றுதான் பதில் வரும். நாளைக்கும் வேலை வேண்டுமே! வெளியாள் ஒரு நாளில் வந்து, ஐம்பது கேள்விகளுக்குக் குறியிட்டுச் செல்வதில் உண்மை சிக்குவதில்லை.

வழி: 
(அ) பெண்களிடம் பெண்களே பேச வேண்டும். வேலை முடிந்த பின், அவர்கள் தெருவில் பேச வேண்டும். 
(ஆ) பெயரை எழுதக் கூடாது. 
(இ) "மருந்து தெளிக்கையில் பாதுகாப்பு உண்டா?" என்று கேட்காமல், "கடைசியாகத் தெளித்த அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள்? அன்றிரவு தலைவலி, குமட்டல் இருந்ததா?" என்று கேளுங்கள். 
(ஈ) ஒரே செய்தியை வேறொரு வழியிலும் சரிபாருங்கள். பூக்கும் பருவத்தில் ஊர்ப் பள்ளியில் வருகை குறைகிறதா என்று தலைமையாசிரியரைக் கேட்டாலே பாதி உண்மை தெரியும்.

குழந்தைகள் பற்றிய சட்டத்தையும் தெளிவாக அறிந்திருங்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாத எவரையும் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. சொந்தக் குடும்பத்தின் வேலையில், ஆபத்தில்லாதவற்றில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம். 14 முதல் 18 வயது வரை உள்ளவரை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை, சும்மா உதவிக்கு வந்தது" என்பது குடும்ப வேலை ஆகாது.

இடர்ப்பாடு 6: தொடரில் இல்லாதவர்

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த உழவர்கள் பனியனுக்கு எதையும் விற்கவில்லை, எதையும் வாங்கவுமில்லை. பொருளின் பாதையை மட்டும் பின்பற்றிச் சென்றால் அவர்களை ஒருபோதும் சந்திக்க மாட்டோம். ஆனால் பெருந்துன்பம் அவர்களுடையது.

வழி: பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும், "கழிவு நீர் எங்கே போகிறது? புகையும் தூசியும் எங்கே போகின்றன? காலி மருந்து டப்பா எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அது போகும் இடத்தில் வாழ்பவரும் கணக்கில் சேர வேண்டியவரே.

இடர்ப்பாடு 7: நன்மையையும் தீமையையும் கூட்டிக் கழிப்பது

பின்னலாடைத் தொழில் திருப்பூர்ப் பகுதியில் இலட்சக்கணக்கானோருக்கு வேலை தந்தது. அதே தொழிலின் சாயநீர் ஆற்றைக் கெடுத்தது. 2011இல் பட்டறைகள் மூடப்பட்டபோது ஆற்றுக்கு நன்மை. அங்கு வேலை செய்தவருக்கு வேலையிழப்பு. இதில் முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து ஒரே எண்ணாகச் சொன்னால், அந்த எண் யாருடைய வாழ்வையும் காட்டாது. ஒருவருக்குக் கிடைத்த கூலி இன்னொருவரின் கிணற்று உப்பை நீக்காது.

வழி: ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியே தரம் இடுங்கள். கீழ்க்கண்ட நான்கு படிகள் போதும்:

படி 1: சட்டத்துக்குக் கீழே; உடனே திருத்த வேண்டியது
படி 2: சட்டம் சொல்லும் அளவு
படி 3: சட்டத்தைவிட மேலான நிலை
படி 4: தெரியவில்லை

"தெரியவில்லை" என்பதைச் சுழி என்றோ, "குறை இல்லை" என்றோ எழுதிவிடக் கூடாது. பக்கத்திலேயே சான்றின் தன்மையையும் குறியுங்கள்: கண்ணால் கண்டது, எழுத்தில் உள்ளது, இருவர் சொன்னது, கேள்விப்பட்டது.

கண்டறிந்த பின் என்ன செய்வது?

குறை கண்டவுடன் "அந்த ஊர்ப் பருத்தி வேண்டாம்" என்று வாங்குவோர் விலகிக்கொள்வது எளிது. ஆனால் அதனால் சிறுமி பள்ளிக்குத் திரும்புவதில்லை. வேறு வயலுக்கோ வேறு வேலைக்கோ போகிறாள். பெற்றோரின் முன்பணக் கடனும் அப்படியே நிற்கிறது. ஆகவே, திருத்துவதற்குக் காலமும் உதவியும் தருமாறு வாங்குவோரிடம் உழவர் குழு கேட்க வேண்டும்.

விதை வயல் ஒப்பந்தத்தில் ஒரு கிலோ விதைக்குத் தரும் விலையை, பெரியவர்களுக்கு முழுக் கூலி கொடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த விலையில் கட்டுபடியாகவில்லை எனில், தவறு வயலில் மட்டும் இல்லை, விலையிலும் இருக்கிறது. இதையும் அறிக்கையில் எழுதுங்கள். வாங்குவோர் நம்மை மதிப்பிடும்போது, அவர்கள் தரும் விலையும், பணம் தரும் காலதாமதமும் அதே மதிப்பீட்டில் இடம் பெற வேண்டும். தொழில் தொடரில் உள்ளவர் என்ற பிரிவு இதற்காகவே உள்ளது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பாதையை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மக்களை எழுதுங்கள்.
2. பருவத்தில் ஒரு முறை பார்த்தால் போதாது. பூக்கும் காலம், தெளிக்கும் காலம், முதல் எடுப்பு, கடைசி எடுப்பு என நான்கு முறை பாருங்கள்.
3. கூலி நோட்டைப் பருவத்தின் முதல் நாளே தொடங்குங்கள்.
4. சிறிய பங்கு என்பதற்காகப் பெரிய துன்பத்தை விட்டுவிடாதீர்கள்.
5. கூட்டிக் கழித்து ஒரே எண் ஆக்காதீர்கள்.
6. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.
7. விலகுவதற்கு முன் திருத்த முயலுங்கள்.

வரும் பருவத்தில் உங்கள் ஊரில் ஐந்தாறு உழவர்கள் சேர்ந்து, ஆளுக்கு ஓர் ஏக்கர் அளவில் இதைச் செய்து பாருங்கள். முதல் ஆண்டில் நோட்டில் பல இடங்கள் காலியாகவே இருக்கும். அதனால் சோர்வடைய வேண்டாம். எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ, அங்குதான் இதுவரை யாரும் கேட்காத ஒருவர் இருக்கிறார். அடுத்த ஆண்டு அவரிடமிருந்தே தொடங்குங்கள்.